யூத அறநெறியும் வழக்கறிஞரின் தொழில் ஒழுக்கமும்: கட்சிக்காரருக்குச் செய்யும் உதவி எந்த இடத்தில் தவறாகிறது?

சட்ட முதுகலை மாணவி கேட்கிறார்:

வணக்கம். வழக்கறிஞர் தொழிலின் ஒழுக்க விதிகளைச் சமய மரபுகளோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். யூத மரபைப் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்கிய முதல் நாளே ஒரு வாக்கியத்தில் சிக்கிக்கொண்டேன். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் அவோத் பகுதி, முதல் அத்தியாயம், எட்டாவது கூற்றில் யெகூதா பென் தபாய் என்னும் அறிஞர், "நீதிபதிகளுக்கு முன் வாதங்களை அடுக்கித் தருபவர்களைப் போல உன்னை ஆக்கிக்கொள்ளாதே" என்கிறார். "ஓர்கே ஹதயானிம்" என்ற அந்த எபிரேயத் தொடருக்கு வக்கீல்கள் என்றே பல உரைகள் பொருள் சொல்கின்றன.

இன்றைய தொழில் ஒழுக்கம் பேசுகிற எல்லோரும் மேற்கோள் காட்டும் வாக்கு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1820இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் ராணி கரோலினுக்காக வாதாடிய ஹென்றி புரூம், தன் கடமையைச் செய்யும் வழக்கறிஞருக்கு உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் தெரியும், அவர் தன் கட்சிக்காரர் என்றார். அவரைக் காப்பாற்றும்போது பிறருக்கு என்ன கேடு வந்தாலும் வழக்கறிஞர் பொருட்படுத்தக்கூடாது என்றும் சொன்னார். ஆங்கிலேய, அமெரிக்க வழக்கறிஞர் மரபு இன்றும் பெருமளவில் இந்த நிழலில்தான் நிற்கிறது.

வக்கீலைப் போல ஆகாதே என்று சொன்ன அதே மரபில் வளர்ந்தவர்கள், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெருந்தொகையாக இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். 1916இல் லூயிஸ் பிராண்டைஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியானார். பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க், "நீதியை, நீதியையே பின்தொடர்வாயாக" என்ற பைபிளின் உபாகம வசனத்தைத் தம் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். அந்த வசனத்தையும் அவோத்தின் எச்சரிக்கையையும் ஒரே மரபு எப்படிச் சுமக்கிறது? யூத அறநெறி வழக்கறிஞர் தொழிலையே ஐயப்படுகிறதா, அல்லது தொழிலின் ஏதோ ஒரு செயலை மட்டும் தடுக்கிறதா? மூல நூல்களைப் படித்தவர்களும் நீதிமன்றத்தில் பழகியவர்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தல்மூத் வாசகர் எழுதிய பதில்:

சகோதரி, அந்தக் கூற்றை முழுவதும் படித்தால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். வழக்காடுபவர்கள் உன் முன் நிற்கும்போது இருவரையும் தவறு செய்தவர்களாகவே எண்ணு. தீர்ப்பை ஏற்று அவர்கள் வெளியேறும்போது இருவரையும் குற்றமற்றவர்களாக எண்ணு என்று அது தொடர்கிறது. அது நீதிபதியிடம் பேசுகிற வாக்கியம். தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் இருந்துகொண்டு ஒரு தரப்புக்கு வாதம் எடுத்துக் கொடுக்கும் நிலைக்கு நழுவிவிடாதே என்பதுதான் முதல் பொருள். ஆனால் உரையாசிரியர்கள் எல்லோரும் அத்தோடு நின்றுவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் எழுதிய உரை வியக்கத்தக்க அளவுக்குக் கடுமையானது: ஒருவர் அநியாயமாகப் பாதிக்கப்பட்டிருக்கிறார், எதிராளி பொய்யாக மறுக்கிறார் என்று உனக்குத் தெரிந்திருந்தாலும், "இப்படிச் சொல், இதை மறு" என்று அவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடாது என்கிறார்.

இந்தத் தடையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவது மிஷ்னாவையும் அதைப் பற்றிய அறிஞர் விவாதங்களையும் கொண்ட தல்மூத்தின் கெத்துபோத் பகுதியில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி. ரபி யோகனான் என்ற அறிஞரின் உறவினர்களுடைய தந்தை இறந்துவிட்டார். தந்தையின் மனைவி, அதாவது அவர்களுடைய மாற்றாந்தாய், நாள்தோறும் மருத்துவம் தேவைப்படும் நிலையில் இருக்கிறார். சட்டம் இதுதான்: செலவுக்கு எல்லை தெரியாத மருத்துவம் ஜீவனாம்சத்தைப் போன்றது, அதை வாரிசுகள் ஏற்க வேண்டும், செலவு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்ட மருத்துவமானால், அவளுக்குத் திருமண ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகையிலிருந்தே அது கழியும். உறவினர்கள் யோசனை கேட்டு வந்தார்கள். ரபி யோகனான், "போய் மருத்துவரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துவிடுங்கள்" என்றார்.

அவ்வளவுதான். அதில் பொய் இல்லை, போலிப் பத்திரம் இல்லை, சட்டத்தை மீறிய எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி யோசனையால் செலவு முழுவதும் வாரிசுகளின் தோளிலிருந்து அந்த விதவையின் தோளுக்கு மாறிவிட்டது. பிறகு அவரே வருந்தி, நீதிபதிகளுக்கு வாதம் அடுக்குபவர்களைப் போல நம்மை ஆக்கிக்கொண்டோமே என்று சொன்னதாகத் தல்மூத் பதிவு செய்கிறது. முதலில் என்ன நினைத்தார், பின்னர் என்ன நினைத்தார் என்று அது கேட்டு, விடையும் சொல்கிறது: சொந்த உறவிலிருந்து உன்னை மறைத்துக்கொள்ளாதே என்ற ஏசாயாவின் சொல்லை முதலில் நினைத்தார், பெரிய மனிதரின் நிலை வேறு என்பதைப் பின்னர் உணர்ந்தார்.

இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். உறவினருக்குச் சட்ட யோசனை சொல்வதே தவறு என்று தல்மூத் இங்கே கூறவில்லை. பெயரும் பதவியும் இல்லாத ஒருவர் சொல்லியிருந்தால் அது நற்செயலாகவே இருந்திருக்கலாம் என்று அந்த விடை இடம் விடுகிறது. அவரை உறுத்தியது, யோசனை கேட்ட அறையில் இல்லாத ஒருத்தி அந்த யோசனையால் இழந்தாள் என்பதுதான் என்று நான் கருதுகிறேன். புரூமின் வாக்கு கண்ணிலிருந்து மறைத்துவிடும் ஆள் யாரோ, அவரையே ரபி யோகனானின் வருத்தம் அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. "கள்ளக்காரியத்துக்குத் தூரமாயிரு" என்ற யாத்திராகம வசனத்துக்கு ஷெவுவோத் பகுதி வரிசையாக எடுத்துக்காட்டுகள் தருகிறது. ஓர் ஆசிரியர் தம் மாணவரிடம் சொல்கிறார்: "நூறு மானே கொடுத்தாலும் நான் பொய் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இன்னார் எனக்கு ஒரு மானே தர வேண்டும். என்னிடம் ஒரு சாட்சிதான் இருக்கிறார். நீ வந்து பக்கத்தில் நில், போதும்." மாணவர் வாய் திறக்க வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் வந்துவிட்டார்கள் என்று கடன்காரர் தானாகவே எண்ணிப் பயந்து ஒப்புக்கொள்வார். கோரிக்கை உண்மை, ஆசிரியர் நேர்மையானவர், ஒரு பொய்ச் சொல்கூடப் பேசப்படவில்லை. ஆயினும் அது கள்ளக்காரியம், அங்கே போய் நிற்காதே என்கிறது தல்மூத். நூறு வர வேண்டியவர் இருநூறு கேட்டு, எதிராளியை நூறுக்கு ஒப்புக்கொள்ள வைத்து, அதன் வழியாக அவரைச் சத்தியம் செய்யும் கட்டாயத்துக்குத் தள்ளுவதையும் இதே வசனத்தால் தடுக்கிறது. இன்றைய வழக்குரைகளில் கோரிக்கைத் தொகையை ஊதிப் பெருக்கும் பழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உதவி அடியோடு மறுக்கப்பட்டதும் இல்லை. ஊமைக்காக உன் வாயைத் திற என்று நீதிமொழிகள் சொல்கிறது. நியாயமான வாதம் இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் வழக்காளிக்கு நீதிபதியே சிறிது எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் ஒரு தரப்புக்கு வாதம் அடுக்குபவராக ஆகிவிடாதபடி எச்சரிக்கையோடு செய்ய வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அரூக் இதை விதியாகவே வைத்திருக்கிறது.

குற்றவியல் வழக்கறிஞர் எழுதிய பதில்:

ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஆய்வேடு எழுதுபவர் ஒரு பள்ளத்தில் விழுந்துவிடக்கூடாது என்பதால் மறுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தல்மூத் வக்கீலை ஐயப்பட முடிந்தது, வக்கீலின் வேலையை அங்கே வேறு ஒருவர் செய்துகொண்டிருந்ததால்தான். மரண தண்டனை வழக்கை 23 நீதிபதிகள் விசாரிப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களில் ஒருவர் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக ஏதேனும் சொல்ல விரும்பினால், அவரை மேலே அழைத்து நீதிபதிகளுக்கு நடுவில் உட்கார வைக்க வேண்டும். பாதகமாகப் பேச மாணவருக்கு அனுமதி இல்லை. விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லலாம், தண்டனைத் தீர்ப்புக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். தண்டனை நிறைவேறும் இடத்துக்குக் கொண்டுபோகும்போதுகூட நீதிமன்ற வாசலில் ஒருவர் கையில் துணியோடு நிற்பார். அவரைப் பார்க்கும் தொலைவில் இன்னொருவர் குதிரையில் காத்திருப்பார். யாராவது ஒரு சாதகமான வாதம் இருக்கிறது என்று சொன்னால் போதும், துணி அசையும், குதிரை ஓடும், ஊர்வலம் நிற்கும். தண்டனை பெற்றவரே அப்படிச் சொன்னாலும், அவர் சொல்வதில் ஏதேனும் பொருள் இருந்தால், நான்கைந்து முறைகூடத் திருப்பி அழைத்து வர வேண்டும் என்கிறது மிஷ்னா.

அங்கே எதிர்த்தரப்பு என்று ஓர் அரசு இல்லை, காவல் துறை இல்லை, சம்பளம் வாங்கும் அரசு வழக்கறிஞர் இல்லை. ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் இடம் இல்லை. எவரும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள முடியாது என்பது தல்மூத்தின் விதி. உயிரை வெறுத்து மரணத்தை விரும்புகிற மனிதர் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லக்கூடும் என்பதை மைமோனிடீஸ் ஒரு காரணமாகக் காட்டுகிறார். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காவல் விசாரணையில் மௌனமாக இருக்கும் உரிமையைப் பற்றிய மிராண்டா வழக்கில் தீர்ப்பளித்தபோது, அதன் அடிக்குறிப்பு ஒன்றில் மைமோனிடீஸின் அதே சட்டப் பகுதியை எடுத்துக் காட்டியது. அப்படிப்பட்ட நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட எச்சரிக்கையை, அரசின் முழு பலமும் ஒரு தனி மனிதர்மேல் வந்து விழும் இன்றைய நீதிமன்றத்துக்கு அப்படியே பெயர்த்து வைத்தால், அந்த மரபு காப்பாற்ற நினைத்தவரையே கைவிட்டதாகிவிடும். அந்தத் துணியை அசைப்பவர் இன்று நாங்கள்தான்.

ஆனால் எவ்வளவு தூரம் அசைக்கலாம்? கட்சிக்காரர் பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை 1966இல் மன்ரோ ஃபிரீட்மன் என்ற பேராசிரியர் வெளிப்படையாக எழுப்பினார். எல்லா உண்மையையும் கட்சிக்காரரிடமிருந்து அறிந்துகொள், அதை இரகசியமாக வை, நீதிமன்றத்திடம் மறைக்காதே என்ற மூன்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. குற்றவியல் வழக்கில் கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவர் சொல்வதை வைத்து வாதாடுவதே வழக்கறிஞரின் கடமை என்று அவர் வாதிட்டார். அதற்காக அவருடைய வழக்கறிஞர் உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று கோரிய நீதிபதிகளில் வாரன் பர்கரும் ஒருவர். அதே பர்கர் பின்னர் தலைமை நீதிபதியாகி, 1986இல் நிக்ஸ் எதிர் வைட்சைட் வழக்கின் தீர்ப்பை எழுதினார். ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், தாம் குத்திக் கொன்றவரின் கையில் துப்பாக்கியைப் பார்க்கவில்லை என்று முதலில் தம் வழக்கறிஞரிடம் சொல்லியிருந்தார். விசாரணை நெருங்கியபோது, "ஏதோ உலோகம் போலப் பார்த்தேன்" என்று மாற்றினார். துப்பாக்கியைப் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் நான் தொலைந்தேன் என்றார். அப்படிச் சாட்சி சொன்னால் நீதிமன்றத்திடம் தெரிவித்துவிட்டு வழக்கிலிருந்து விலகுவேன் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையால் கட்சிக்காரரின் அரசியலமைப்பு உரிமை மீறப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த இடத்தில் என் மனம் ஃபிரீட்மனோடு முழுவதும் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசு குற்றத்தை நிரூபிக்கட்டும் என்று மௌனமாக இருக்கும் உரிமையை எந்த நாளும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் பொய்க்குப் பக்கத்தில் போய் நிற்பது வேறு. ஐயா சொன்ன அந்த மாணவர் கதையைப் படித்தபோது, நான் கூண்டில் ஏற்றிய சில முகங்கள் நினைவுக்கு வந்தன.

அறவியல் ஆசிரியர் எழுதிய பதில்:

இரகசியம் காப்பதைப் பற்றி இதுவரை யாரும் விரித்துப் பேசவில்லை. யூத மரபும் தொழில் விதிகளும் மிக நெருங்கி வந்து மிகக் கடுமையாக மோதும் இடம் அதுவே என்று நினைக்கிறேன். லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உன் மக்களுக்குள் கோள் சொல்லித் திரியாதே என்பது அதன் முதல் பாதி. பிறனுடைய இரத்தம் சிந்தப்படும்போது சும்மா நிற்காதே என்பது அதன் இரண்டாம் பாதி. பேசாதே என்ற கட்டளையும் சும்மா இருக்காதே என்ற கட்டளையும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒருவர் நம்மிடம் சொன்னதை, "போய்ச் சொல்" என்று அவரே அனுமதிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று தல்மூத் முதல் பாதியின் திசையில் போகிறது. அங்கே இரகசியம் எல்லா மனிதர்களும் ஒருவருக்கொருவர் பட்ட கடனே தவிர, வழக்கறிஞருக்கு மட்டும் கொடுத்த சலுகை இல்லை. ஆற்றில் மூழ்குபவனையும் கொள்ளையர் கையில் அகப்படுபவனையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று இரண்டாம் பாதியின் திசையிலும் அதே தல்மூத் போகிறது. ஒருவருக்கு எதிராகச் சதி நடப்பதைக் கேட்டும் அவரிடம் தெரிவிக்காதவர் இந்தக் கட்டளையை மீறுகிறார் என்று மைமோனிடீஸ் சேர்க்கிறார்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983இல் ஏற்ற மாதிரி விதிகளில் 1.6ஆம் விதி, உயிரிழப்பையோ கடுமையான உடற்காயத்தையோ தடுப்பதற்காக வழக்கறிஞர் இரகசியத்தை வெளியிடலாம் என்கிறது. கவனியுங்கள், "வெளியிடலாம்" என்றுதான் சொல்கிறது. உயிர் போகும் நிலையிலும் அதை அவருடைய விருப்பத்துக்கு விடுகிறது. யூதச் சட்டத்தில் அந்த விருப்பம் கிடையாது. உயிர் ஆபத்தில் இருந்தால் பேசியே ஆக வேண்டும். இரண்டு ஒழுங்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் காட்டச் சொன்னால் நான் இந்தச் சொல்லைத்தான் காட்டுவேன். ஒன்று வழக்கறிஞருக்கு அனுமதி தருகிறது, மற்றது மனிதருக்குக் கடமை வைக்கிறது.

உயிர் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் என்ன செய்வது? 1973இல் நியூயார்க் மாநிலத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ராபர்ட் கேரோ, தம் வழக்கறிஞர்களான ஃபிரான்சிஸ் பெல்ஜ், ஃபிராங்க் அர்மானி இருவரிடமும் தாம் செய்த வேறு கொலைகளையும் சொல்லிவிட்டார். உடல்கள் கிடந்த இடங்களை வழக்கறிஞர்கள் தேடிப்போய்க் கண்டார்கள், படம் எடுத்தார்கள், திரும்பி வந்து மௌனமானார்கள். காணாமல்போன பெண் ஒருத்தியின் தந்தை நேரில் வந்து, என் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டபோதும் அவர்கள் சொல்லவில்லை. 1974இல் கேரோவே நீதிமன்றத்தில் வாய் திறந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்கச் செய்யும் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பெல்ஜ்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை முன்னிற்கிறது என்று 1975இல் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது.

அமெரிக்கத் தொழில் ஒழுக்கப் பாடங்களில் இந்த வழக்கு வீரச் செயலுக்கு நெருக்கமாகவே பேசப்படுகிறது. யூத மரபின் பக்கமிருந்து பார்த்தால் என் நெஞ்சு வேறு இடத்தில் நிற்கிறது. அடக்கம் செய்ய யாரும் இல்லாமல் கிடக்கும் உடலுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு: "மெத் மித்ஸ்வா". பிணத்தைத் தொடவே கூடாத தலைமைக் குருகூட, தம் பெற்றோரின் உடலையும் தொடக்கூடாத அவரே, வழியில் அப்படி ஓர் உடலைக் கண்டால் தம் கையால் அடக்கம் செய்ய வேண்டும். அவருடைய பதவி அவரை எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைக்கிறது; இதிலிருந்து விலக்கவில்லை. அந்த இரு வழக்கறிஞர்களும் கோழைகள் என்றோ கெட்டவர்கள் என்றோ நான் சொல்லமாட்டேன்; அவர்கள் வாயைத் திறந்திருந்தால் இனி எந்தக் குற்றவாளியும் எந்த வக்கீலையும் நம்பமாட்டான் என்ற வாதத்தின் கனம் எனக்குத் தெரியும். ஆயினும் பதவி ஒருவரை மனிதக் கடமையிலிருந்து எவ்வளவு தூரம் விடுவிக்கும் என்ற கேள்விக்கு, தலைமைக் குருவைப் பற்றிய இந்த விதியைவிடக் கூர்மையான விடையை நான் எங்கும் கண்டதில்லை.

சட்ட முதுகலை மாணவி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதவி விடுவிக்குமா என்ற கேள்வியே என் அத்தியாயத்தின் முதுகெலும்பாகிவிட்டது. இறுதியாக ஒன்று. இதுவரை பேசியவை பொய்யையும் உயிரையும் சார்ந்தவை. அன்றாட உரிமையியல் வழக்கில் பொய் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. கட்சிக்காரர் உண்மையிலேயே கடன் வாங்கியிருக்கிறார், திருப்பித் தரவில்லை. கடன் கொடுத்தவர் காலவரையறை கடந்து வழக்குப் போட்டுவிட்டார். காலாவதி என்று ஒரு வரி எழுதினால் வழக்கு தள்ளுபடியாகும். எழுதலாமா?

தல்மூத் வாசகர் எழுதிய பதில்:

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் பால்டிமோர் வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மன். அவர் யூதர் அல்லர். 1836இல் தம் தொழிலுக்கென ஐம்பது உறுதிமொழிகளை வெளியிட்டபோது, கடன் உண்மை என்று கட்சிக்காரருக்குத் தெரிந்திருந்தும் காலம் கடந்தது என்பதைத் தவிர வேறு வாதம் இல்லையென்றால், அந்த வாதத்தை ஒருபோதும் வைக்கமாட்டேன், அவருடைய வஞ்சனைக்கு என்னைக் கூட்டாளியாக்க முடியாது என்று எழுதினார். இன்றைய விதிகள் இதை ஏற்பதில்லை. வழக்கின் நோக்கத்தைத் தீர்மானிப்பவர் கட்சிக்காரர். சட்டம் தரும் தற்காப்பை அவரிடம் சொல்லாமல் மறைத்தால் வழக்கறிஞரே தவறிழைத்தவராவார்.

யூதச் சட்டத்தில் வெறும் கால ஓட்டத்தால் கடன் சாவதில்லை. பத்திரம் பல ஆண்டு பழையதானாலும் செல்லும் என்கிறது ஷுல்கான் அரூக். நாட்டின் சட்டமே சட்டம் என்ற தல்மூத் விதியை வைத்து அரசின் காலவரையறையை ஏற்கலாமா என்ற விவாதம் தனியாக ஓடுகிறது. ஆனால் உங்கள் கேள்விக்கு மிகவும் பொருத்தமானது ஏழாம் ஆண்டின் கடன் தள்ளுபடி. உபாகமத்தின்படி ஏழாம் ஆண்டு முடிவில் கடன்கள் தள்ளுபடியாகின்றன. அதற்கு அஞ்சி யாரும் கடன் கொடுக்க மறுத்ததால், கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துக் காக்கும் "புரோஸ்பூல்" முறையை ஹில்லேல் என்ற அறிஞர் கொண்டுவந்தார். அந்த முறைக்குள் வராத கடனைப் பற்றி மிஷ்னா சொல்வதைக் கேளுங்கள். ஏழாம் ஆண்டு கடந்த பிறகு கடன்காரர் பணத்தோடு வந்தால், கடன் கொடுத்தவர், "நான் தள்ளுபடி செய்துவிட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். சட்டம் அது, சொல்லாமல் கை நீட்டக்கூடாது. கடன்காரர், "ஆனாலும்" என்று ஒரு சொல் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திருப்பித் தருபவரால் அறிஞர்களின் உள்ளம் மகிழ்கிறது என்று மிஷ்னா எழுதி வைத்திருக்கிறது.

சட்டத்துக்கு மேலேயும் ஒரு படி உண்டு என்பது அந்த மரபில் வெறும் அறிவுரையாக நிற்பதில்லை. தல்மூத்தில் வரும் ராபா பார் பார் ஹானா என்பவரின் மதுப் பீப்பாயைச் சுமைகூலிகள் உடைத்துவிட்டார்கள். அவர் ஈடாக அவர்களுடைய மேலங்கிகளை எடுத்துக்கொண்டார். திருப்பிக் கொடு என்றார் ரவ் என்ற அறிஞர். இதுதான் சட்டமா என்று கேட்டார் அவர். ஆம், நல்லோரின் வழியில் நட என்று எழுதியிருக்கிறதே என்றார் ரவ். நாள் முழுவதும் உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்று கூலிகள் சொன்னபோது, கூலியையும் கொடு என்றார். இன்றைய வழக்கறிஞர் ரவ்வைப் போல உத்தரவிட முடியாது. ஆனால் மாதிரி விதிகளின் 2.1ஆம் விதி, கட்சிக்காரருக்கு யோசனை சொல்லும்போது சட்டத்தோடு அறத்தையும் பேசலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பிராண்டைஸ் பாஸ்டனில் தொழில் செய்தபோது ஒரு தரப்புக்கு மட்டும் ஆளாக நிற்காமல், சிக்கலில் இருக்கும் எல்லோருடைய நிலைமைக்கும் வழக்கறிஞராக இருக்க முயன்றார். 1916இல் அவருடைய நியமனத்தை எதிர்த்தவர்கள் அதையே அவர்மேல் குற்றமாகச் சாட்டினார்கள். அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை, தாம் யாருக்கு வழக்கறிஞர் என்பதை அவர் தெளிவாகச் சொல்லாத இடங்கள் உண்டு. ஆயினும் எதிராளியையும் மனிதராகக் காணும் கண் அவருக்கு இருந்தது.

குற்றவியல் வழக்கறிஞர் எழுதிய பதில்:

தொடக்க ஆண்டுகளில் நான் உரிமையியல் வழக்குகளும் நடத்தினேன். சரியாக இந்தக் காலாவதி வழக்கு ஒன்று வந்தது. கட்சிக்காரர் தம் நண்பரிடம் வாங்கிய கடன். நண்பர் தயங்கித் தயங்கிக் காலத்தைக் கடத்திவிட்டார். எதிர்வாதுரையில் காலாவதியை எழுதினேன், வழக்கு தள்ளுபடியானது. கட்சிக்காரரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் என்ன விரும்புவார் என்று நானே முடிவு செய்திருந்தேன். தீர்ப்பு வந்த அன்று அவர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, "அவனை நான் ஏமாற்றியதாக ஆகிவிட்டது, இல்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு வந்த அத்தகைய வழக்குகளில், எதிர்வாதுரையைத் தட்டச்சுக்கு அனுப்பும் முன் கட்சிக்காரரை உட்கார வைத்து, இந்தக் கடனைச் சட்டம் உங்களிடமிருந்து வசூலிக்காது, அந்தத் தற்காப்பு முழுக்க முழுக்க உங்களுக்கு உரியது என்று முதலில் சொல்வேன். பிறகு, கடன் கொடுத்தவர் யார், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். கேட்டுவிட்டு நான் பேசமாட்டேன். பெரும்பாலானவர்கள் தற்காப்பை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். சிலர் வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனாலும்..." என்று தொடங்கினார்கள்.